கீயை அழுத்தியும் அலை கிளம்பவில்லையா? 7 மெகாஹெர்ட்ஸ் மோர்ஸ் டிரான்ஸ்மிட்டரில் பிழை தேடும் வழி

"கட்டி முடித்துவிட்டேன், ஆனால் வேலை செய்யவில்லை" என்று ஒரு டப்பாவைக் கையில் ஏந்தி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: ஆன்டெனாவைக் கழற்றினீர்களா? பெரும்பாலும் கழற்றியிருக்க மாட்டார்கள். ஆன்டெனா மாட்டியபடி டிரான்ஸ்மிட்டரில் பிழை தேடினால் கோளாறு பெட்டிக்குள் இருக்கிறதா, மொட்டை மாடியில் தொங்கும் கம்பியில் இருக்கிறதா என்று தெரியவே தெரியாது. அதோடு, அரைகுறையாக வேலை செய்யும் டிரான்ஸ்மிட்டர் எந்த அதிர்வெண்ணில் எதைத் துப்பும் என்பதும் தெரியாது. அது மற்றவர்களின் தொடர்பைக் கெடுக்கும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஹாம்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்கள், பலர் முதலில் கட்டும் வகை: 40 மீட்டர் பட்டையில் மோர்ஸ் மட்டும் அனுப்பும் சிறிய டிரான்ஸ்மிட்டர். அலையை உண்டாக்க 7.030 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்ட ஆஸிலேட்டர், அதில் ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர். அடுத்து அதைப் பெருக்கிப் பவர் நிலைக்குத் தரும் டிரைவர், அதுவும் 2என்2222. கடைசியில் பவர் நிலை, அங்கே ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட் (அலை நுழையும் கால் கேட், வெளிவரும் கால் டிரெயின், பூமிக்குப் போகும் கால் சோர்ஸ்). அதன் டிரெயினில் இரட்டைக் கம்பி சுற்றிய ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர், அதற்கப்பால் வேண்டாத உயர் அதிர்வெண்களை நிறுத்தும் லோ பாஸ் ஃபில்டர், பிறகு ஆன்டெனா சாக்கெட். ஆஸிலேட்டருக்கு 78எல்09 ரெகுலேட்டர் வழியாக 9 வோல்ட். கீ (மோர்ஸ் தட்டும் சுவிட்ச்) டிரைவரை மட்டும் ஒரு பிடி140 டிரான்சிஸ்டர் மூலம் இயக்கி நிறுத்தும். 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 4 வாட் வெளியே வரும். உங்கள் சுற்று கொஞ்சம் மாறியிருந்தாலும் தேடும் முறை இதேதான்.

இந்தியாவில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை அமெச்சூர் உரிமம் உள்ளவர்களுக்கான இடம். உரிமம் வரும்வரை அலையை வானுக்கு அனுப்ப வேண்டாம். ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, அலையை வெறும் வெப்பமாக்கும் டம்மி லோடு பற்றி அடுத்து சொல்லப்போகிறேன், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேசையில் என்ன வேண்டும்

டம்மி லோடு: 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இருபதை இணையாகச் சேர்த்துப் பற்றவைத்தால் 50 ஓம், 10 வாட். கார்பன் ஃபில்ம் அல்லது மெட்டல் ஃபில்ம் வாங்குங்கள். கம்பி சுற்றிய பெரிய ரெசிஸ்டர் ஆகாது. 7 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஒரு சுருள்.

அலை அளக்கும் கருவி: ஒரு 1என்4148 டயோடு, 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. டயோடு அலையின் உச்சத்தைப் பிடித்துக் கெபாசிட்டரில் சேர்த்து வைக்கும், மல்டிமீட்டர் அதை டிசி வோல்ட்டாகக் காட்டும். டயோடு விழுங்கிய 0.6 வோல்ட்டைக் கூட்டி, வர்க்கப்படுத்தி, 100 ஆல் வகுத்தால் 50 ஓம் லோடில் எத்தனை வாட் என்று தெரிந்துவிடும். மீட்டரில் 19.4 என்றால் உச்சம் 20 வோல்ட், 400ஐ 100 ஆல் வகுக்க 4 வாட்.

அப்புறம் 7 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸ் கேட்கக்கூடிய ஒரு ரிசீவர், பேட்டரிக்குத் தொடரில் ஓர் ஆம்பியர் மீட்டர், 1 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸைத் தவிர்க்காதீர்கள்.

ஆம்பியர் மீட்டரை நான் மிகவும் நம்புவேன். நல்ல நிலையில், கீயை விட்டிருக்கும்போது 40 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஓடும். அழுத்தினால் 0.5 முதல் 0.6 ஆம்பியருக்கு ஏறும். ஏறவில்லையா, அளவுக்கு மேல் ஏறுகிறதா, விட்ட பிறகும் இறங்கவில்லையா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அறிகுறி 1: ஆஸிலேட்டர் ஆடவே இல்லை

ரிசீவரை 7.030இல் வைத்து, ஆன்டெனாவாக ஒரு முழம் கம்பியை டிரான்ஸ்மிட்டர் அருகே போட்டுக் கேளுங்கள். இயக்கியதும் விசில் போன்ற தொனி வர வேண்டும். சுற்றிலும் ஓரிரு கிலோஹெர்ட்ஸ் தேடுங்கள், கிரிஸ்டல் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் நகர்ந்து ஆடும். எங்கும் ஒன்றும் இல்லையென்றால் இங்கேயே நில்லுங்கள். பின்னால் உள்ள நிலைகளைத் தொட்டுப் பயனில்லை.

ஆஸிலேட்டர் எப்படித் தொடங்குகிறது என்று புரிந்தால் தேடுவது சுலபம். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில், சரியான திசையில், உராய்வு தின்னும் அளவுக்குச் சற்று அதிகமாகத் தள்ளினால் ஆட்டம் பெருகும். நேரம் தவறினாலோ தள்ளு போதாவிட்டாலோ அடங்கிவிடும். ஊஞ்சலின் இடத்தில் கிரிஸ்டல், தள்ளும் கையின் இடத்தில் டிரான்சிஸ்டர். அதன் வெளியீட்டிலிருந்து ஒரு பங்கை இரண்டு கெபாசிட்டர்கள் பிரித்து உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்புகின்றன. முதல் அசைவுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. டிரான்சிஸ்டருக்குள் எப்போதும் இருக்கும் நுண்ணிய இரைச்சலே போதும், அதில் 7.03 மெகாஹெர்ட்ஸ் பங்கை மட்டும் கிரிஸ்டல் வளர்த்தெடுக்கும்.

1887இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் முதன்முதலாக ரேடியோ அலையை எழுப்பியபோது இந்த வசதி இல்லை. அவர் தீப்பொறியால் சுற்றைத் தட்டினார். தட்டிய கோயில் மணி போல ஒவ்வொரு தட்டுக்கும் அலை எழுந்து அடங்கிற்று. விடாமல் ஒரே சீராக ஒலிக்கும் அலை பரவலானது, 1910களில் வால்வை வைத்து வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் வழி கண்ட பிறகுதான். நம் இரண்டு கெபாசிட்டர்களும் செய்வது அதே வேலை.

ஆகவே முதல் சந்தேகம் அந்த இரண்டு கெபாசிட்டர்கள் மேல். நான் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று உண்டு. 100 பிகோஃபாரட் வேண்டும் என்று சொல்லி, "100" என்று அச்சிட்டதை வாங்கி வருகிறார்கள். அது 10 பிகோஃபாரட். மூன்றாவது இலக்கம் எத்தனை சுழி சேர்க்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. 100 பிகோஃபாரட் மேல் "101" என்றிருக்கும். பத்தில் ஒரு பங்கு மதிப்பைப் போட்டால் தள்ளும் நேரமும் அளவும் தவறிவிடும், ஊஞ்சல் ஆடாது.

இரண்டாவது, டிரான்சிஸ்டரின் கால்கள். பிளாஸ்டிக் உடலோடு வரும் 2222களில் எல்லாமே ஒரே வரிசை அல்ல. பிஎன்2222இல் தட்டையான முகத்தைப் பார்த்தால் எமிட்டர், பேஸ், கலெக்டர். பி2என்2222ஏயில் அது அப்படியே தலைகீழ். மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் சாக்கெட்டில் சோதித்துவிட்டே போர்டில் வையுங்கள்.

பிறகு டிசி வோல்ட்டுகள். ரெகுலேட்டருக்குப் பின் 9 வோல்ட் இருக்கிறதா? எமிட்டரில், பேஸில் உள்ளதைவிட 0.6 வோல்ட் சுமார் குறைவாக இருக்கிறதா? எமிட்டர் மீட்டரைப் பார்த்தபடியே கிரிஸ்டலைப் பிடுங்குங்கள். வோல்ட் சற்றே அசைந்தால் அதுவரை ஆடிக்கொண்டிருந்தது என்று பொருள், அப்போது கோளாறு உங்கள் ரிசீவர் பக்கம் இருக்கலாம். அசையவே இல்லை, ஆனால் டிசி எல்லாம் சரி என்றால் கிரிஸ்டலை மாற்றிப் பாருங்கள். கீழே விழுந்த கிரிஸ்டல் வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும், உள்ளே தகடு உடைந்திருக்கும்.

அறிகுறி 2: தொனி கேட்கிறது, ஆனால் டம்மி லோடில் ஒன்றும் இல்லை

ஆஸிலேட்டரிலிருந்து முன்னோக்கி நடந்து, 7.03 மெகாஹெர்ட்ஸ் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள். பின்னாலிருந்து முன்னே வராதீர்கள்.

கீயை அழுத்தியபடி பிடி140இன் கலெக்டரில் அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட பேட்டரி வோல்ட் அங்கே வர வேண்டும். வரவில்லையென்றால் கீ வரும் வயர், இல்லை பிடி140இன் கால் வரிசை. எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்க எமிட்டர், கலெக்டர், பேஸ் என்று நடுவில் கலெக்டர் இருக்கும். பழக்கதோஷத்தில் நடுவில் பேஸ் என்று வைத்துவிடுவது சகஜம்.

அடுத்து மாஸ்ஃபெட்டின் கேட்டில் டயோடு கருவியை வையுங்கள். 5 வோல்ட் அளவுக்கு உச்சம் இருந்தால் டிரைவர் தன் வேலையைச் செய்கிறது. ஒரு வோல்ட்கூட இல்லையென்றால் டிரைவருக்கும் கேட்டுக்கும் இடையே உள்ள டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். இங்கேதான் எனக்கு மூன்று மாலைகள் போயின. எல்லா வோல்ட்டும் சரி, எல்லா மதிப்பும் சரி, அலை மட்டும் தாண்டவில்லை. காரணம் டொராய்டின், அதாவது அந்த வளையச் சுருளின், ஒரு கால். எனாமல் கம்பியைச் சுரண்டாமல் ஈயம் வைத்திருந்தேன். ஈயம் கம்பியைச் சுற்றிப் பளபளவென்று உருண்டு நின்றது, உள்ளே தொடர்பே இல்லை. இப்போதெல்லாம் சுருளைப் போர்டில் வைத்ததும், போர்டின் ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு ஓம் பார்க்கிறேன். கம்பியிலிருந்து கம்பிக்குப் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது.

கேட்டில் அலை இருக்கிறது, டிரெயினுக்கு அப்பால் இல்லை என்றால் இரட்டைக் கம்பி டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு கம்பிகளை முறுக்கிச் சேர்த்துச் சுற்றுகிறோம். முதல் கம்பியின் தொடக்கம் பேட்டரிக்கு, அதன் முடிவும் இரண்டாம் கம்பியின் தொடக்கமும் சேர்ந்து டிரெயினுக்கு, இரண்டாம் கம்பியின் முடிவு வெளியே. இப்படி வைத்தால் டிரெயினில் உள்ள அலையைப் போல் இரண்டு மடங்கு வோல்ட் வெளியே கிடைக்கும். 50 ஓம் லோடு டிரெயினுக்கு 12.5 ஓமாகத் தெரியும், 12 வோல்ட்டில் 4 வாட் எடுக்க இதுதான் தோது. இரண்டாம் கம்பியைத் திருப்பி வைத்துவிட்டால் அதன் வோல்ட் முதல் கம்பியின் வோல்ட்டைக் கழித்துவிடும், வெளியே கிட்டத்தட்டச் சுழி. இரண்டு நிறக் கம்பி எடுத்துச் சுற்றினால் இந்தக் குழப்பம் வராது.

கடைசியாக லோ பாஸ் ஃபில்டர். டிரெயினில் நல்ல அலை, ஃபில்டருக்கு அப்பால் எதுவும் இல்லை என்றால் டொராய்டின் நிறத்தைப் பாருங்கள். ஃபில்டருக்கு வேண்டியது சிவப்பு வண்ணம் பூசிய டி37-2, இரும்புத் தூள் வகை. 18 சுற்றுக்குச் சுமார் 1.3 மைக்ரோஹென்றி கிடைக்கும். வண்ணமில்லாத கறுப்பு ஃபெர்ரைட், அதாவது டிரான்ஸ்ஃபார்மருக்கு வாங்கிய எஃப்டி37-43ஐ மறதியாக இங்கே போட்டு அதே 18 சுற்று சுற்றினால் 110 மைக்ரோஹென்றியைத் தாண்டும். எண்பது மடங்குக்கும் மேல். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அது மூடிய கதவு.

அறிகுறி 3: கீயை விட்ட பிறகும் டம்மி லோடு சுடுகிறது

இதைக் கண்டு மகிழ்ந்துபோனவர்கள் உண்டு. "பாருங்கள், லோடு சூடாகிறது, பவர் வருகிறது!" கீயை விட்டபின்னும் சூடாகிறதே என்று கேட்டால்தான் உறைக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் வெளி முனை டிசிக்குப் பேட்டரியோடு நேரடியாகச் சேர்ந்தே இருக்கிறது. அதற்கும் ஃபில்டருக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று டிசியைத் தடுக்க வேண்டும். அது விட்டுப்போனாலோ, ஷார்ட் ஆனாலோ 12 வோல்ட் நேராக 50 ஓமில் பாயும். 240 மில்லி ஆம்பியர், ஏறக்குறைய 2.9 வாட் வெறும் வெப்பம். லோடின் இரு முனையில் டயோடு கருவி இல்லாமல் வெறும் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் டிசி காட்டினால் அந்தக் கெபாசிட்டர்தான்.

அறிகுறி 4: பவர் வருகிறது, ஆனால் குறைவு

4 வாட் எதிர்பார்த்த இடத்தில் 1 வாட் வந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், கீயை அழுத்தியபடியே. சும்மா இருக்கும்போது 12.4 காட்டும் பழைய பேட்டரி அரை ஆம்பியர் இழுத்ததும் 10.5க்கு விழலாம். மெல்லிய வயரும் இதையே செய்யும்.

பேட்டரி சரியென்றால் அந்த மாஸ்ஃபெட் உண்மையிலேயே 510தானா? கடையில் "ஐஆர்எஃப்510 இல்லை, 540 இருக்கிறது, அதைவிடப் பெரியது, தாராளமாகப் போடலாம்" என்று கொடுத்து அனுப்புவார்கள். பவர் சப்ளைக்கு அது சரி. இங்கே சரியல்ல. 510இன் கேட் சுமார் 180 பிகோஃபாரட் கெபாசிட்டர் போல் நடந்துகொள்ளும், 7 மெகாஹெர்ட்ஸில் அது 125 ஓம் அளவுக்கு ஒரு தடை. 540இன் கேட் ஏறத்தாழ அதைப்போல் பத்து மடங்கு, தடையும் அந்த அளவுக்குக் குறையும். பாவம், சின்ன 2222 அதை ஆட்ட முடியாது. பெரிய பாகம் நல்ல பாகம் என்ற கணக்கு ரேடியோ அதிர்வெண்ணில் எடுபடுவதில்லை.

கேட் பயாஸையும், அதாவது அலை இல்லாதபோதே கேட்டில் வைக்கும் சிறு வோல்ட்டையும், பாருங்கள். டிரைவை நிறுத்திவிட்டு, அந்த வோல்ட்டை வைக்கும் பிரீசெட்டை மெல்லத் திருப்பி, டிரெயின் கரண்ட் 20 மில்லி ஆம்பியர் வந்ததும் நிறுத்துங்கள். 510 எந்தக் கேட் வோல்ட்டில் கடத்தத் தொடங்கும் என்பது 2 முதல் 4 வரை ஒவ்வொன்றுக்கும் மாறும். ஆகவே மாஸ்ஃபெட்டை மாற்றினால் பயாஸையும் புதிதாக வைக்க வேண்டும். புதியதை மாட்டும் முன் பிரீசெட்டை முழுதும் சுழிக்கு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மாட்டிய நொடியே அது போய்விடக்கூடும்.

ஃபில்டர் கெபாசிட்டர்களைத் தொட்டுப் பாருங்கள், பவரை அணைத்த பிறகு. சூடாக இருந்தால் அவை தப்பான வகை. 470, 820, 470 பிகோஃபாரட் இடங்களில் சீ0ஜி அல்லது என்பி0 வகை, இல்லையேல் மைக்கா வேண்டும். சாதாரண டிஸ்க் வகை பவரைத் தின்று சூடாகி மதிப்பையும் மாற்றிக்கொள்ளும். சுற்றுகளையும் எண்ணிவிடுங்கள். கம்பி துளை வழியாகப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று. வெளியே தெரிவதை எண்ணி ஒன்று கூடவோ குறையவோ சுற்றிவிடுவது எல்லோருக்கும் நேர்வதுதான்.

அறிகுறி 5: மாஸ்ஃபெட் கொதிக்கிறது, கரண்ட் இஷ்டத்துக்கு ஏறுகிறது

இயக்கிய உடனே ஃப்யூஸ் போனால், மாஸ்ஃபெட்டின் உலோக முதுகைப் பாருங்கள். அது டிரெயினோடு சேர்ந்தது. பூமியோடு இணைந்த பெட்டியிலோ ஹீட் சிங்கிலோ மைக்கா தாள், பிளாஸ்டிக் வாஷர் இல்லாமல் முடுக்கினால் பேட்டரி நேரே பூமிக்கு ஷார்ட்.

ஃப்யூஸ் போகவில்லை, ஆனால் கீயை அழுத்தாமலேயே கரண்ட் ஏறுகிறது, போர்டின் அருகே கையைக் கொண்டுபோனால் மாறுகிறது என்றால், பவர் நிலை தானே ஓர் ஆஸிலேட்டராக மாறிவிட்டது. முன்னே ஊஞ்சல் சொன்னேனே, அதே கதை. வெளியீடு எந்த வழியிலாவது உள்ளீட்டுக்குத் திரும்பி வந்து, தள்ளும் நேரமும் பொருந்திவிட்டால் யாரும் கேட்காமலே ஆட்டம் தொடங்கும். கிரிஸ்டல் இல்லாத இந்த ஆட்டத்துக்கு அதிர்வெண் கட்டுப்பாடு கிடையாது. ரிசீவரில் பட்டை முழுதும் கரகரவென்று கேட்கும். சில நேரம் டிவி அலைவரிசை வரை மேலே போய் ஆடும், 7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரில் தெரியவே தெரியாது, மீட்டர் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

திரும்பி வரும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிடுங்கள். கேட்டுக்குத் தொடரில் 10 ஓம் ரெசிஸ்டர், கேட் காலிலேயே ஒரு ஃபெர்ரைட் மணி. சோர்ஸ் கால் பூமித் தகட்டில் உடனே முடிய வேண்டும். அரை அங்குலம் நீண்டாலும் அதுவே ஒரு சுருள். பேட்டரி வயர் பவர் நிலைக்குள் நுழையும் இடத்தில் 0.1 மைக்ரோஃபாரட்டும் 100 மைக்ரோஃபாரட்டும் பக்கத்தில் பக்கத்தில், ஏனென்றால் சிறியது உயர் அதிர்வெண்ணையும் பெரியது தாழ்ந்ததையும் பூமிக்கு அனுப்பும். டிரைவர் டொராய்டும் பவர் டொராய்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தால் தள்ளி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மீட்டரைப் பாருங்கள். நான்கையும் ஒன்றாகச் செய்தால் அடுத்த டிரான்ஸ்மிட்டரில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

மெல்ல மெல்லச் சூடு ஏறி, கூடவே கரண்டும் ஏறிக்கொண்டே போனால் அது வேறு. மாஸ்ஃபெட் சூடாக ஆக, கடத்தத் தொடங்கும் கேட் வோல்ட் குறையும். பயாஸைச் சற்று இறக்குங்கள், ஹீட் சிங்கைப் பெரிதாக்குங்கள்.

அறிகுறி 6: பவர் சரி, தொனி அசிங்கம்

இது காதால் பிடிக்க வேண்டியது. டம்மி லோடில் வைத்து ரிசீவரின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள பலமான அலையால் ரிசீவரே திணறி, இல்லாத குறையெல்லாம் காட்டும்.

மோர்ஸின் ஒவ்வொரு புள்ளியும் "ட்யூவ்" என்று குருவி போல் சறுக்கினால் கீயை அழுத்தும்போது ஆஸிலேட்டர் அசைகிறது. அதன் 9 வோல்ட்டை அளந்துகொண்டே அழுத்துங்கள். 78எல்09க்கு உள்ளே வர வேண்டியது குறைந்தது 11 வோல்ட்டுக்குப் பக்கம். பேட்டரி அதற்குக் கீழே சரிந்தால் ரெகுலேட்டர் கைவிட்டுவிடும், தொனியும் கூடவே சரியும். வோல்ட் அசையவில்லையென்றால் டிரைவர் ஆஸிலேட்டரைப் பிடித்து இழுக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள கெபாசிட்டரைச் சிறிதாக்குங்கள், அல்லது இரண்டையும் பிரித்து நிறுத்தும் ஒரு பஃபர் நிலையை நடுவில் சேர்த்துவிடுங்கள். நான் பஃபர் பக்கம். ஒரு டிரான்சிஸ்டர் அதிகம் என்பதைத் தவிர அதில் குறையே இல்லை.

புள்ளியின் தொடக்கத்தில் "டக்" என்ற சத்தம், ரிசீவரை 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்தாலும் கேட்கிறது என்றால் அலை மிக வேகமாக எழுந்து மிக வேகமாக விழுகிறது. கூரான விளிம்பு அக்கம்பக்கத்து அதிர்வெண்களிலும் சிதறும். பிடி140இன் பேஸ் பக்கம் உள்ள கெபாசிட்டரைக் கூட்டி, எழுவதற்கும் விழுவதற்கும் சுமார் 5 மில்லிசெகண்ட் ஆகும்படி வையுங்கள்.

அடியில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் 100 ஹெர்ட்ஸில் ஓடினால் அது வீட்டு மின்சாரம். நம் 50 ஹெர்ட்ஸ் பிரிட்ஜ் ரெக்டிஃபையரைத் தாண்டும்போது 100 ஆகிறது. பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். மறைந்தால் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டரை மாற்றிவிடுங்கள்.

கீயை விட்டிருக்கும்போதும் தொனி மெலிதாகக் கேட்பது தனிக் குறை அல்ல, ஆஸிலேட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் டம்மி லோடில் அளக்கும் அளவுக்கு அது வெளியே கசிந்தால் டிரைவரைச் சுற்றிக் குறுக்கு வழி ஏதோ இருக்கிறது.

அறிகுறி 7: டம்மி லோடில் அருமை, ஆன்டெனாவில் அவதி

இப்போதுதான் மாடிக்குப் போக வேண்டும்.

டிரான்ஸ்மிட்டர் அதுவரை செய்தது, ஒரு நொடிக்கு 70 லட்சத்து 30 ஆயிரம் முறை முன்னும் பின்னும் ஆடும் மின்னோட்டத்தை உண்டாக்கியது மட்டும்தான். அதை வெளியில் பரவும் அலையாக்குவது கம்பி. கம்பியில் எலக்ட்ரான்கள் முன்னும் பின்னும் முடுக்கப்படும்போது அவற்றைச் சுற்றியுள்ள மின்புலம் உடனடியாக எல்லா இடத்திலும் மாறிவிடாது, மாற்றம் ஒளியின் வேகத்தில்தான் பரவும். அப்படிப் பரவிச் செல்லும் மாற்றமே ரேடியோ அலை. ஒரு ஆட்டம் முடிவதற்குள் அது 42.6 மீட்டர் போய்விடும். அதில் பாதி நீளமுள்ள கம்பியில் மின்னோட்டம் தன் இயல்பான தாளத்தில் ஆடும். கம்பி முனைகளின் விளைவால் சற்றுச் சுருக்கி, நடுவில் கேபிள் சேரும் இந்த இரு கை ஆன்டெனாவின், அதாவது டைபோலின், மொத்த நீளம் 20.3 மீட்டர், ஒரு கை 10.15 மீட்டர்.

ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் 3 காட்டினால் அனுப்பியதில் கால் பங்கு திரும்பி வருகிறது. எந்த அதிர்வெண்ணில் மிகக் குறைவாக இருக்கிறது என்று தேடுங்கள். 6.90இல் குறைவு என்றால் கம்பி நீளம், ஒவ்வொரு கையிலும் சுமார் 19 சென்டிமீட்டர் மிகை. உடனே வெட்டாதீர்கள். மடித்துக் கட்டிப் பாருங்கள், சரியாக வந்தபின் வெட்டலாம். 7.1க்கு மேலே குறைவு என்றால் கம்பி போதவில்லை. எங்குமே குறையவில்லை என்றால் கேபிள். மழைக்காலத்துக்குப் பின் முனை வழியாக நீர் இறங்கி, உள்ளே பின்னிய செம்பு கறுத்துப்போயிருக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை, புதுக் கேபிள்தான்.

கீயைத் தொட்டால் சுரீரென்கிறது, கணினி ஸ்பீக்கரில் மோர்ஸ் கேட்கிறது என்றால் கேபிளின் வெளிப்புறமே ஆன்டெனாவின் மூன்றாவது கையாகி, அலையை உங்கள் மேசைக்கே கொண்டுவருகிறது. டைபோலின் நடுவே கேபிள் சேரும் இடத்தில், அந்தக் கேபிளையே பத்துச் சுற்று, ஒரு சாண் விட்டத்தில் நெருக்கமாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள். செலவில்லாத வைத்தியம், பெரும்பாலும் பலிக்கும்.

அறிகுறி 8: பக்கத்து வீட்டில் புகார்

ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு மாட்டி அதே போல் கீயை அழுத்தச் சொல்லி, அவர்கள் வீட்டில் நின்று கேளுங்கள். தொல்லை நின்றுவிட்டால் ஆன்டெனா வழியாகப் போகிறது. நிற்கவில்லையென்றால் பவர் வயர் அல்லது பெட்டியிலிருந்தே கசிகிறது.

ஆன்டெனா வழியென்றால் அடுத்து 14.06, 21.09 மெகாஹெர்ட்ஸில் ரிசீவரை வைத்துக் கேளுங்கள். மாஸ்ஃபெட் அலையின் வடிவத்தை வெட்டியே பெருக்குகிறது, வெட்டிய அலையில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களும் கலந்திருக்கும். அவற்றைப் பிடித்து நிறுத்தத்தான் லோ பாஸ் ஃபில்டர். அங்கே தொனி பலமாக இருந்தால் ஃபில்டரில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலும் பூமியோடு சேராத ஒரு கெபாசிட்டர் கால். அங்கே சுத்தமாக இருந்தும் அவர்கள் ஸ்பீக்கர் மட்டும் முனகினால் குறை டிரான்ஸ்மிட்டரில் இல்லை, ஸ்பீக்கர் வயர் ஆன்டெனா வேலை பார்க்கிறது. அந்த வயரில் ஒரு ஃபெர்ரைட் கிளிப்பை நீங்களே வாங்கிப் போட்டுக்கொடுங்கள்.

அறிகுறி 9: எல்லாம் சரி, யாரும் பதில் சொல்லவில்லை

மணியைப் பாருங்கள். உச்சி வெயிலில் 40 மீட்டர் பட்டையில் 4 வாட் பெரும்பாலும் சில நூறு கிலோமீட்டரோடு நின்றுவிடும். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அலையை விழுங்குகிறது. பொழுது சாய்ந்தபின் அந்த அடுக்கு மறைந்து, மேலடுக்கு அலையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் திருப்பி இறக்கும்.

இருட்டியதும் 7.030இல் யாரும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, பொது அழைப்பையும் உங்கள் அழைப்புக்குறியையும் நிதானமாக மூன்று நான்கு முறை அனுப்புங்கள். பிறகு ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்ற இணையப் பக்கத்தில் உங்கள் குறியைத் தேடுங்கள். உலகெங்கும் ஆர்வலர்கள் இயக்கும் தானியங்கி ரிசீவர்கள், கேட்ட மோர்ஸைப் படித்து, எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபலில் கேட்டது என்று அங்கே பதிந்துவிடும். ஓரிடத்திலாவது உங்கள் குறி வந்திருந்தால் சால்டரிங் அயர்னை அணைத்துவிட்டு ரிசீவரில் காதை வையுங்கள். அதிர்வெண் நீங்கள் நினைத்ததிலிருந்து அரை கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் பதிவாகியிருந்தால், இத்தனை நேரமும் பதில்கள் வந்த இடத்தில் உங்கள் ரிசீவர் இருந்திருக்காது.